உள்ளே வந்த கல்

இந்த வருஷம் மனைவி ஹனியாவிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று ஜிலானி தீர்மானித்தார். காபி குடித்துவிட்டுச் சொல்லலாம். காபி ஆயிற்று. ஆட்டுக்குத் தழை போட்டுவிட்டுச் சொல்லலாம். ஆடு தின்று முடித்து அவர் முகத்தையே பார்த்தது. மதியத் தொழுகைக்குப் பிறகு சொல்லலாம் என்று தள்ளிவைத்தபோதே அவருக்குத் தெரிந்துவிட்டது, இந்த வருஷமும் பொய்தான்.

ஆஷூரா நெருங்கும்போதெல்லாம் அவருக்கு இந்த வீரம் வரும், போகும். ஆஷூரா அன்று அந்தப் பக்கத்து ஜனங்கள் கல்லறைகளுக்குப் போய்ப் புல் பிடுங்கி, வெள்ளையடித்து, மெழுகுவத்தி ஏற்றி, ரொட்டி பகிர்ந்துவிட்டு வருவார்கள். ஹனியாவும் வருஷம் தவறாமல் அதே கேள்வியைக் கேட்பாள்.

"மேலே போய்ப் பொண்ணைப் பாத்துட்டு வரலாமா?"

மேலே என்றால் ஹென்ஷிர். இடிந்து கிடக்கும் ரோமானிய நகரம். நாலைந்து தூண்கள், பாதிக் கோயில், படிப்படியான ஒரு கூத்தரங்கம், இவற்றை வைத்துக்கொண்டு குன்றின் தலையில் வெயில் காய்கிறது. அதைப் பார்க்க எந்தெந்தத் தேசத்திலிருந்தோ பஸ்ஸில் ஆட்கள் வருகிறார்கள். ஜிலானிக்கு அது பிறந்த ஊர். அவருடைய தகப்பனாரும் பாட்டனாரும் அந்த இடிபாடுகளுக்கு நடுவே வீடு கட்டிக் குடியிருந்தவர்கள். ரோமானியனின் தூண் மாட்டுக்குக் கட்டுத்தறி. ரோமானியனின் சவப்பெட்டி கழுதைக்குத் தண்ணீர்த் தொட்டி. ஆண்டவர்கள் போய்விட்டாலும் கற்கள் சும்மா கிடக்க வேண்டாம் என்று வேலை கொடுத்து வைத்திருந்தார்கள். பிறகு ஒருநாள் அதிகாரிகள் வந்து, நீங்கள் குடியிருப்பது பெருமை வாய்ந்த இடம், ஆகவே காலி செய்யுங்கள் என்றார்கள். கீழே சமவெளியில் சிமெண்டு வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். அதற்குப் பெயர் புது ஊர். எல்லா வீட்டுக்கும் ஒரே கதவு, ஒரே ஜன்னல். முதல் மாதத்தில் ஜிலானி அடுத்த வீட்டுக்குள் நுழைந்து, சப்பணமிட்டு உட்கார்ந்து, சாப்பாடு கேட்டிருக்கிறார். அவர்களும் போட்டுவிட்டார்கள். யாருக்கும் எது தன் வீடு என்று உறுதியாகத் தெரியவில்லை.

குன்றிலிருந்து இறங்கும்போது அடுப்புக்கல் முதல் சேவல் வரை எல்லாவற்றையும் கொண்டு வந்தார்கள். பெண்ணை மட்டும் கொண்டு வர முடியவில்லை.

வஸீலா. அப்போதுதான் பல் முளைக்கத் தொடங்கியிருந்தது. ஒரு குளிர்காலத்துக் காய்ச்சலில் போய்விட்டாள். ஸிதி கலஃப் என்ற பெரியவர் அடங்கியிருக்கும் குவிமாடத்துக்கு அருகே, ஓர் அத்தி மரத்தடியில் அடக்கம் செய்தார்கள். தலைமாட்டுக்குக் கல் வாங்க வசதியில்லை. வாசலில் ஹனியா தண்ணீர்க் குடம் வைத்துக்கொண்டிருந்த முழங்கால் உயரக் கல்லையே தூக்கிக் கொண்டுபோய் நட்டார்கள். அதுவும் ரோமானியக் கல்தான். முகப்பில் மேலாக ஒரு பறவை செதுக்கியிருந்தது. கீழே ஏதோ எழுத்து. எழுத்து அவர்களுக்குப் புரியவில்லை. பறவை புரிந்தது. அது போதும் என்று இருந்துவிட்டார்கள்.

ஊர் இறங்கிய பின் அதிகாரிகள் பழைய நகரத்தைத் தேடிக் குன்றின் மேல் தோண்ட ஆரம்பித்தார்கள். மற்றக் கல்லறைகளை, உறவுக்காரர்களைக் கூப்பிட்டு முறைப்படி மாற்றினார்கள். அத்தி மரத்தடிக் கல்லைப் பார்த்தவர்கள், அதன் ரோமானிய முகத்தை வைத்து, இது நம் ஆள் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதன் கீழே இந்தக் காலத்துக் குழந்தை ஒன்று தூங்குகிறது என்று அவர்களுக்கு யார் சொல்வது. அந்த வருஷம் சுண்ணாம்பு வாளியோடு ஜிலானி மேலே போனபோது கல் இல்லை. மரமும் இல்லை. ஆளுயரத்துக்குப் பள்ளம் இருந்தது. அதன் விளிம்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு சுண்ணாம்பு முழுவதையும் பள்ளத்துக்குள் ஊற்றினார். வாளியில் ஒட்டியிருந்ததைக் கையில் பூசிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"வெள்ளையடிச்சாச்சா?" என்று ஹனியா கேட்டாள்.

"அடிச்சாச்சு. நல்லா இருக்கா."

அந்த ஒரு பொய்யை வளர்த்து ஆளாக்க, அதன்பின் எத்தனையோ பொய்களுக்கு அவர் சோறு போட வேண்டியிருந்தது. ஒரு வருஷம் மேலே பாம்பு. இன்னொரு வருஷம் பாதை சரிந்துவிட்டது. ஒரு முறை முழங்கால் பிடித்துக்கொண்டது என்று படுத்துவிட்டார். ஹனியா மிளகாயை அரைத்து, ஆலிவ் எண்ணெயில் காய்ச்சி, சுடச்சுட வைத்துக் கட்டினாள். அதுவரை நன்றாக இருந்த முழங்கால் அன்றுமுதல் நிஜமாகவே வலிக்கிறது. கடைசியில், பழைய ஊரைச் சுற்றி வேலி போட்டுவிட்டார்கள், பெண்களை உள்ளே விடுவதில்லை என்று நிரந்தரமாக ஒரு பொய்யைக் கட்டினார். நல்ல உறுதியான பொய். அதில் ஒரே ஒரு குறை. டூரிஸ்ட் பஸ் தினமும் அவர் வீட்டு வாசலைத் தாண்டித்தான் மேலே போகும்.

"அதுல போறதெல்லாம் யாரு?" என்றாள் ஹனியா.

"டூரிஸ்டு."

"பொம்பளைங்க இல்லையா?"

"டூரிஸ்டு வேற, பொம்பளைங்க வேற."

அவள் பஸ்ஸைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு துவைக்கப் போய்விட்டாள். எப்படிச் சமாளித்தோம் பார் என்று ஜிலானி மீசையைத் தடவிக்கொண்டார். அவள் நம்பிவிட்டாள் என்று அவர் நம்பினார். உலகத்தில் கணவன்மார் பலரும் இந்த நம்பிக்கையில்தான் இரவில் தூங்குகிறார்கள்.

வஸீலாவுக்குப் பிறகு இரண்டு பையன்கள் பிறந்தார்கள், வளர்ந்தார்கள், தலைநகர் துனிஸுக்கு வேலைக்குப் போனார்கள். வீட்டில் இருவரும் ஆடும் மிஞ்சினார்கள். ஹனியாவுக்குக் கண்ணில் கோளாறு வந்தது. மாதம் ஒருமுறை, பலர் சேர்ந்து ஏறும் பங்கு வண்டி பிடித்து டவுனுக்கு, கண் டாக்டரிடம் போவாள். துணைக்கு வருகிறேன் என்றால், ஆட்டை யார் பார்ப்பது என்பாள். சாயங்காலம் கண்கள் சிவந்து திரும்புவாள். அந்த மருந்து ரொம்பக் கடுமை என்று ஜிலானி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

உண்மை சொல்லத் தீர்மானித்த அதே நாள் சாயங்காலம் ஹனியா தேநீர் ஊற்றினாள். ஊற்றியது கோப்பைக்கு வெளியே போயிற்று. அவள் அதைத் துடைக்கவில்லை. கணவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் அந்தப் பக்கத்துப் பெண்களுக்கும் கிடையாது.

"மனுஷா," என்றாள். "டாக்டர் சொல்லிட்டார். இப்பவே குழாய்க்குள்ள பாக்கிற மாதிரிதான் தெரியுது. அந்தக் குழாயும் அடைச்சுக்கிட்டே வருதாம்."

"அல்லாஹ் நாடினா சரியாயிடும்."

"சரியாகாதுன்னு சொன்னார். படிச்ச மனுஷர், மரியாதையாத்தான் சொன்னார். வெளிச்சம் இருக்கிறப்பவே பொண்ணோட கல்லை நான் பாக்கணும். இந்த ஆஷூராவுக்குப் போறோம்."

"வேலி இருக்கே ஹனியா."

"தாண்டிடறேன்."

"பொம்பளைங்களை விடமாட்டாங்களே."

"நான் டூரிஸ்டுன்னு சொல்லுங்க."

ஜிலானி ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். ஹனியா கொஞ்சம் முன்னால் சாய்ந்து, அந்தக் குழாய் வழியே அவர் முகத்தைத் தேடிப் பிடித்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"என்கிட்ட ஏதாவது சொல்லணுமா உங்களுக்கு?"

ஜிலானி வாயைத் திறந்தார். இத்தனை வருஷமும் தொண்டையில் நின்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது.

"ரொட்டில உப்பு கம்மி," என்றார்.

மறுநாள் காலையில் தங்கை கணவன் பெல்காசிம் வீட்டுக்குப் போனார். பெல்காசிம் கொத்தனார். படிக்கட்டு கட்டுவான், தண்ணீர்த் தொட்டி கட்டுவான். படிக்கட்டில் தண்ணீர் தேங்கும், தொட்டியில் தேங்காது. ஆனாலும் ரகசியம் காப்பவன். ஜிலானி விஷயத்தைச் சொன்னார். கல் இல்லை என்று தெரிந்தால் அவள் தாங்கமாட்டாள். கண்ணும் போய், கல்லும் போய், என்ன செய்வாள். ஆகவே ஒரு கல் வேண்டும்.

பெல்காசிம் தாடையைச் சொறிந்தான். "பறவைன்னா எந்தப் பறவை மச்சான்?"

"புறாவா இருக்கலாம். கௌதாரியாவும் இருக்கலாம்."

"பறக்குதா, நிக்குதா?"

"நிக்குது."

"அப்ப சுலபம். எந்தப் பக்கம் பாத்து நிக்குது?"

ஜிலானி கண்ணை மூடினார். கல் வந்தது. அதன்மேல் குடம் வந்தது. குடத்தைத் தூக்க நீளும் கை வந்தது, வளையலோடு. இடுப்பில் குழந்தை வந்தது, குடத்தின் விளிம்பில் வாய் வைக்க எட்டிக்கொண்டு. பறவை மட்டும் வரவில்லை. அவர் கண்ணைத் திறந்தபோது பெல்காசிம் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தான்.

"வலது பக்கம் பாக்க வெச்சுடறேன்," என்றான்.

செதுக்கி முடித்ததும் ஜிலானி வந்து பார்த்தார். கழுத்து கழுத்தாகவே இல்லை. வயிறு நிறைய முட்டை வைத்திருப்பது போல உப்பியிருந்தது.

"இது கோழிடா."

"வாலைக் கொஞ்சம் சீவினா புறா ஆயிடும்."

சீவினான். வாலில்லாத கோழி ஆயிற்று. கீழே எழுத்து வேண்டுமே என்று, பெல்காசிமே யோசித்து, தண்ணீர் பம்பின் மூடியில் இருந்ததைப் பார்த்து இரண்டு வரி வெட்டியிருந்தான். ரோமானியன் எழுத்தும் பிரெஞ்சுக்காரன் எழுத்தும் ஒன்றுதானாம். பழையதாகத் தெரிய, தேயிலைச் சக்கையும் ஆட்டுப் புழுக்கையும் கரைத்துப் பூசினான். தள்ளி நின்று பார்த்துவிட்டு, "கண்ணு சரியா தெரியாதவங்களுக்கு இது போதும் மச்சான்," என்றான்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. உளியை எடுத்து, ஏற்கெனவே சரியாக இருந்த ஒரு மூலையை மறுபடி தட்ட ஆரம்பித்தான்.

ஊர் அடங்கிக் கிடக்கும் உச்சி வெயிலில், கல்லைப் பெல்காசிமின் கழுதை மேல் வைத்து, மேலே வைக்கோல் போர்த்திக்கொண்டு ஜிலானி குன்றேறினார். அந்த நேரத்தில் காவல்காரன் ஹமாதி சாப்பிட்டுவிட்டுத் தூங்குவான் என்பது கணக்கு. ஹமாதி அன்று பட்டினி.

"வைக்கோல் எதுக்கு சாச்சா?"

"ஆட்டுக்கு, தம்பி."

"ஆடு கீழே இருக்கு. வைக்கோல் மேலே போகுதே."

விலக்கிப் பார்த்தான். கல். ஹமாதி நிமிர்ந்தான், தொப்பியைச் சரிசெய்தான், விசிலை எடுத்தான். பிறகு கழுதையின் முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தான். அவனுக்குக் குழப்பம் வந்தது.

"எடுத்துட்டுப் போகலைப்பா," என்றார் ஜிலானி. "கொண்டு வர்றேன்."

ஹமாதி நிழலில் உட்கார்ந்துவிட்டான். "கல்லை வெளியே கொண்டு போறவனைப் பிடிக்கத்தான் என்னை இங்க போட்டிருக்காங்க. உள்ளே கொண்டு வர்றவனை என்ன பண்றதுன்னு எனக்கு யாரும் சொல்லித்தரலை சாச்சா." பிறகு கல்லின் கீழே இருந்த எழுத்துகளைக் கூட்டிக் கூட்டி வாசித்தான். அவன் பள்ளிக்கூடம் போனவன். "இதுல என்ன எழுதியிருக்கு தெரியுமா? மூடியைத் திறக்கும் முன் மின்சாரத்தை நிறுத்தவும்."

ஜிலானியால் அதற்குமேல் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பள்ளத்தை, சுண்ணாம்பை, பாம்பை, முழங்காலை. மனைவியிடம் வராத உண்மை ஒரு காவல்காரனிடம் தடையில்லாமல் வந்தது. ஹமாதியின் குடும்பமும் அந்தக் குன்றிலிருந்து இறங்கியதுதான். கேட்டு முடித்து, ஏதோ சொல்ல வந்தவனாக வாயைத் திறந்தான். திறந்த வாயில் விசிலை வைத்துக்கொண்டான். பிறகு எழுந்து கல்லின் ஒரு முனையைப் பிடித்தான்.

"தோண்டின பக்கம் வேண்டாம். குவிமாடத்துக்குப் பின்னாடி நடுவோம். எழுத்தை மண்ணுக்குள்ள விட்டுடுங்க, யாராவது படிச்சுத் தொலைக்கப் போறாங்க."

ஆஷூரா அன்று ஹனியா விடியும் முன்பே குளித்து, வெள்ளைப் போர்வை போர்த்தி, கூடையில் ரொட்டியும் அவித்த முட்டையும் உலர்திராட்சையும் வைத்து, சுண்ணாம்பு வாளியோடு வாசலில் நின்றாள். ஜிலானி அவளை அதே இரவல் கழுதையில் ஏற்றிக்கொண்டு நடந்தார். பழைய ஊர் வாசலில் ஹமாதி எழுந்து, "வாங்க காலா," என்று சித்தி முறை வைத்து அழைத்து விலகிக்கொண்டான். சீட்டு முன்னாடியே வாங்கிவிட்டேன் என்று ஜிலானி அவசரமாகச் சொன்னார். யாரும் கேட்கவில்லை.

உள்ளே வந்ததும் இறங்கிக்கொண்டாள். கல் பாவிய தெருவில் அவள் கால்களுக்கு வழி தெரிந்தது. அவர்தான் பின்னால் தடுக்கித் தடுக்கி வந்தார். ஓரிடத்தில் நின்று, இது ஸல்ஹா வீட்டு அடுப்பு என்றாள். அங்கே ஒரு அறிவிப்புப் பலகை இருந்தது. இன்னும் கொஞ்சம் நடந்து மறுபடி நின்றாள். கயிறு கட்டிய சதுரம். உள்ளே மீனும் படகுமாகச் சித்திரக் கல் பதித்த தரை. யாரோ ஒரு வெளிநாட்டுத் தம்பதி குனிந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"நம்ம வீட்டுக்கு அடியில இவ்வளவு நல்ல தரை இருந்திருக்கு," என்றாள். "நான் பாட்டுக்கு அதுமேல மண்ணைப் போட்டு மெழுகிட்டிருந்தேன்."

குவிமாடத்தின் பின்னால் கல் நின்றது. வெயிலில் அது நல்லபடியாகவே தெரிந்தது. ஹனியா உட்கார்ந்தாள். கையை நீட்டித் தொட்டாள். விரல்கள் மேலே போயின, கழுத்தில் கொஞ்சம் நின்றன, வயிற்றைச் சுற்றின, வால் இருக்க வேண்டிய இடத்தில் வெறுமனே தடவின. ஜிலானி சத்தமாக ஃபாத்திஹா ஓதினார். ஓதி முடித்து, இடைவெளி விடாமல் இன்னொரு முறை ஓதினார். அவள் கை ஏந்தி ஆமீன் சொன்னாள். கல்லைச் சுற்றிப் புல் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். சுண்ணாம்பைக் குழைத்து, ஓர் ஓரமும் விடாமல் வெள்ளையடித்தாள். கையைக் கழுவினாள். ரொட்டியைப் பிட்டுப் பாதியை அவரிடம் கொடுத்தாள். ஜிலானி தப்பித்தோம் என்று ரொட்டியைக் கடித்தார்.

"பெல்காசிம் செஞ்சானா?" என்றாள் ஹனியா.

"எதை?"

"கோழியை."

ரொட்டி தொண்டையில் நின்றது. அவள் தண்ணீர்ப் புட்டியை நீட்டினாள்.

"பாவம், அவனுக்குத் தொட்டி கட்டத்தான் வரும். அதுவும் ஒழுகும்."

"ஹனியா, கல்லு... அந்தப் பழைய கல்லு..."

"பள்ளமா இருந்துச்சு. தெரியும். நீங்க போய்ட்டு வந்த மறுநாள் நானும் போனேன்."

அவளே சொன்னாள். "கையெல்லாம் சுண்ணாம்பா வந்தீங்க. நகத்துல ஒரு பொட்டு மண்ணு இல்லை. கல்லைச் சுத்திப் புல் பிடுங்காம எவன் வெள்ளையடிப்பான்? எனக்குச் சந்தேகமாப் போச்சு. வந்து பாத்தேன். பள்ளத்துக்கு அடியில வெள்ளையாக் கிடந்துச்சு. நீங்க ஊத்தினது."

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன். வருஷா வருஷம் கேட்டேனே, போலாமான்னு. நான் கேட்டது போறதுக்கா? பாம்புன்னீங்க. சரி, இன்னும் இவரால முடியலைன்னு விட்டேன். முழங்கால்னீங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "அந்த வருஷம் எனக்குக் கோபம். மிளகாயை வேணும்னுதான் கூடப் போட்டேன்."

காற்று வந்தது. ஈரச் சுண்ணாம்பு வாசனையைக் கொண்டுபோயிற்று. ஜிலானி தலைப்பாகை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் முடிக்கும் வரை ஹனியா காத்திருந்தாள். எத்தனையோ வருஷம் காத்திருந்தவளுக்கு அது ஒன்றும் பெரிய நேரம் இல்லை. பிறகு கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"வாங்க. டவுனுக்குப் போற வண்டி போயிடும்."

"டவுனுக்கு எதுக்கு?"

"கல்லைப் பாக்கணும்னு சொன்னேனே. நீங்கதான் இங்க கூட்டிட்டு வந்து உக்கார வெச்சிருக்கீங்க."

கழுதையை ஹமாதியிடம் விட்டுவிட்டு, பங்கு வண்டியில் பின் சீட்டில் இருவரும் நெருங்கி உட்கார்ந்தார்கள். வழியில் அவள் சொல்லச் சொல்ல அவர் கேட்டுக்கொண்டு வந்தார். ஊர்ப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லித்தரும் வகுப்பிலிருந்து ஒருமுறை எல்லோரையும் டவுன் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனார்களாம். மற்றவர்கள் எல்லாம் தலையில்லாத சிலைகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது, இவள் ஒரு மூலையில், கண்ணாடிக்குப் பின்னால், தன் தண்ணீர்க் குடக் கல்லைப் பார்த்தாளாம். குடம் வைத்து வைத்துத் தேய்ந்த வட்டம் அப்படியே இருந்ததாம். அங்கேயே உட்கார்ந்துவிட்டாளாம். அன்றுமுதல் மாதம் ஒருமுறை போய் வருகிறாள். முதலில் சொந்தக்காரர் வீடு என்று, பிறகு துணி வாங்க என்று, கண் கெட்டபின் டாக்டர் என்று.

"டாக்டர்கிட்ட போகவே இல்லையா?" என்று ஜிலானி பதறினார்.

"போனேன். அவர் பாக்கிறது கொஞ்ச நேரம். மீதி நாள் பூரா அங்க."

"கண்ணு சிவந்து வருவியே."

"மருந்துன்னு நீங்களே ஊரெல்லாம் சொல்லிட்டீங்க. நான் எதுக்கு மறுக்கணும்?"

ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார். ஜிலானி குரலைத் தணித்துக்கொண்டார். எலும்பு இருக்கும் இடம் தனக்குத் தெரியாது, அந்த மண்ணை எங்கே கொட்டினார்களோ என்று ஹனியா சொன்னாள். தேடிப் பார்த்தாள், அகப்படவில்லை. கல் அகப்பட்டது. அகப்பட்டதை விட்டுவிடக் கூடாது. அருங்காட்சியகத்தில் காவல் இருக்கும் பெண் அதிலிருக்கும் எழுத்தை அவளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள்.

"முதல்லயே அது ஒரு குழந்தைக்கு வெச்ச கல்லுதானாம். பொண்ணு. அம்மாக்காரி வெச்சது. ரெண்டு பொண்ணுங்களுக்கு ஒரே கல்லு."

"அப்பன் பேர்?"

"இல்லை. அவனும் பாம்புன்னு ஏதாவது சொல்லியிருப்பான்."

ஆலிவ் தோப்புகள் பின்னால் போயின. ஹனியா அவற்றைப் பார்க்கவில்லை, மடியில் இருந்த தன் கைகளைப் பார்த்தாள். "இனிமே என்னால தனியாப் போக முடியாது. போன தடவை ஏதோ ஒரு வண்டியில ஏறி வேற எங்கேயோ போய்ட்டேன். உங்களைக் கேட்டுத்தான் ஆகணும். கேக்கிறதுக்கு முன்னாடி நீங்களாச் சொல்லணும்னு ஒரு பிடிவாதம். நீங்க கல்லையே செஞ்சுட்டீங்க."

"கூட்டிட்டுப் போறேன்," என்றார் ஜிலானி.

"போனா மட்டும் போதாது. நான் உக்காந்திருப்பேன். அங்க என்ன இருக்குன்னு நீங்க பாத்துச் சொல்லணும். இருக்கிறதைச் சொல்லணும்."

அவர் தலையாட்டினார். அது அவளுக்குத் தெரிந்திருக்காது என்று நினைவு வந்து, "சரி," என்று வாய்விட்டும் சொன்னார்.

அருங்காட்சியக வாசலில் நஜாத் என்ற அந்தக் காவல் பெண் மேசைக்குப் பின்னால் பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். ஹனியாவைக் கண்டதும் எழுந்து, படிக்கட்டுக்கு அடியிலிருந்து ஒரு நாற்காலியை எடுத்தாள். எடுத்த விதத்திலேயே அது யாருடைய நாற்காலி என்று தெரிந்தது.

"வாங்க காலா. இந்த மாசம் வரலையேன்னு நினைச்சேன். நேத்துதான் கண்ணாடியைத் துடைச்சு வெச்சேன்."

ஒரு கையில் நாற்காலியும் மறு கையில் ஹனியாவுமாக உள்ளே போனாள். ஜிலானியும் பின்னாலேயே நுழைந்தார். அவர் உள்ளே நாலடி வைத்திருப்பார், நஜாத் திரும்பி வந்து வழியில் நின்றாள்.

"ஐயா, டிக்கெட்."

"அவங்க வாங்கலையே?"

"அவங்களுக்கு எதுக்கு? அவங்க கல்லுக்குச் சொந்தக்காரங்க."

கூடத்தின் கடைசியில், ஜன்னல் வெளிச்சத்தில், ஹனியா உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்குள் இருந்ததை இங்கிருந்து பார்க்க முடியவில்லை. அவள் முதுகு அதை மறைத்திருந்தது. ஜிலானி தொண்டையைச் செருமிக்கொண்டார். அதைச் சொல்வது அவ்வளவு எளிதாக இல்லை. ஆனால் இந்த முறை சொன்னார்.

"அம்மா, நான் பொண்ணோட அப்பா."

நஜாத் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பிக் கேட்டாள். "காலா, இவர் பொண்ணோட அப்பான்னு சொல்றார். விடலாமா?"

ஹனியா திரும்பவில்லை.

"இது வரைக்கும் ஒரு தடவைகூட வந்து பாத்ததில்லையேம்மா," என்றாள். "டிக்கெட் வாங்கச் சொல்லு. வாங்கினப்புறம் இன்னொரு நாற்காலி கொண்டா."

ஜிலானி டிக்கெட் வாங்கினார். முழு டிக்கெட்.